இரண்டு தூண்களுக்கு நடுவே

கடைத்தெருவுக்குள் இனி மோட்டார் வண்டி நுழையக்கூடாது என்று நகராட்சி முடிவெடுத்தபோது, ஊரே திட்டம் போட்ட இன்ஜினியர்மேல் பாய்ந்தது. வியாபாரம் படுத்துவிடும் என்றார் மருந்துக்கடைக்காரர். துணிக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், கடையை இழுத்து மூடிச் சாவியை நகராட்சி வாசலில் வைத்துவிடுவேன் என்றார். கடையும் மூடவில்லை, சாவியும் வரவில்லை. தெருவின் இரண்டு முனைகளிலும் கான்கிரீட் தூண்களை நட்டு, தரைக்குக் கல் பாவி முடித்ததும், ஜனங்கள் குழந்தைகளின் கையை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். சைக்கிள்கள் பெருகின. அதே துணிக்கடைக்காரர் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, இது தன்னுடைய யோசனைதான் என்று போவோர் வருவோரிடம் கதை விட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் கணவர், அவனுடைய அத்தான், யார் தயவும் இல்லாமல் தன் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போய்வர வேண்டும்.

பாலத்து ரோட்டில் லாரி மோதியதில் அத்தானுக்கு இரண்டு கால்களும் செயலற்றுப் போயிருந்தன. கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் எங்கும் போவார். கடைக்கு இரண்டு வழி. ஒன்று அந்தப் பாலத்து ரோடு. அந்தப் பக்கம் போகவே அக்கா விடமாட்டாள். இன்னொன்று கடைத்தெரு. அங்கே நெருக்கியடித்து நின்ற பைக்குகளை விலக்கிவிட அக்கா தினமும் வண்டிக்கு முன்னால் நடந்து போனாள். பெண்டாட்டி வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போக, பின்னால் ஊர்வலம் போவது அத்தானுக்கு அறவே பிடிக்கவில்லை.

வீட்டில் அந்த வண்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது மாடிப்படிக்குக் கீழே நிற்கும். மாடியில் குடியிருந்த இன்ஜினியர் தினமும் வயிற்றை எக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போவான். கண் மட்டும் சுவரில் இருக்கும். அக்காகூட "அதை எடுத்து விடவா?" என்பாளே தவிர, வண்டி என்று சொல்லமாட்டாள். அத்தான் மனசு நோகக்கூடாதாம். நோகுமா என்று அத்தானை யாராவது கேட்டார்களா என்றால், அதுவும் இல்லை.

தூண் நடுவதற்கு முன்னால், பைக் நுழையாமல் அத்தானின் வண்டி மட்டும் நுழையும்படி இடைவெளி வைக்க அதன் அகலம் வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் டேப்போடு கீழே இறங்கி வந்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல அத்தான். படி உயரம் பாக்கலாம்னு."

படியின் உயரத்தை அளந்துவிட்டு மேலே போய்விட்டான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்த சக்கர நாற்காலியை அளந்தான். அந்த அளவை வைத்துத்தான் தூண்கள் நடப்பட்டன.

"தெரு எப்படி இருக்கு அத்தான்?" என்று பிறகு ஒருநாள் கேட்டான்.

"ஜோரா இருக்கு மாப்ள" என்றார் அத்தான்.

இப்போதெல்லாம் தன்னைக் கூட வரவேண்டாம் என்கிறார், தனியாகவே போகிறார் என்று அக்கா பூரித்துப் போனாள். இன்ஜினியருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாலத்து ரோட்டில் பள்ளம் என்று புகார் வந்தது. பார்க்கப் போனான். பாலத்தின் ஏற்றத்தில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், கைப்பிடிச் சுவரை ஒட்டி, அத்தான் பெடல் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்ஜினியர் நடுரோட்டில் ஓடிப்போய்க் கையை விரித்து லாரியை நிறுத்தினான். டிரைவர் திட்டிய திட்டு காதில் ஏறவில்லை. அத்தான் கடை வாசலுக்குப் போய்ச் சேரும்வரை பின்னாலேயே நடந்தான்.

"ஏன் அத்தான் இந்த வழி?"

"அங்க நுழையல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? ஊரே உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. நீயும் வந்து ஆசையா கேக்கற." அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு டேப் வச்சு அளக்க எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?"

"அளக்கத்தான் வந்தேன் அத்தான். உங்க முன்னாடி எப்படி அளக்கறதுன்னு கூச்சமா இருந்துச்சு. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு."

அத்தான் பெடலை ஓங்கித் தட்டினார். அவருக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததே இல்லை.

"கால்தான்டா போச்சு. நான் உயிரோடதான இருக்கேன்? வண்டின்னு ஒரு வார்த்தை சொல்ல உங்க அக்காவுக்கு வாய் வரல. உனக்குக் கண்ணு வரல. இழவு வீடு மாதிரி வச்சிருக்கீங்க. நானும் உங்களுக்காக வாயை மூடிக்கிட்டுக் கிடக்கேன். அதான் இன்னிக்கு லாரிக்கு முன்னாடி போயிட்டிருந்தேன்."

இன்ஜினியருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தை அளக்கக் கொண்டுவந்திருந்த டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினான்.

"இடைவெளிய அகலமாக்கினா பைக்கும் நுழையும் அத்தான்" என்றான்.

"நுழையும். அதுக்கு ஒரு வழி யோசி, அதுக்குத்தான சம்பளம் வாங்கற? முதல்ல இதை அள."

சக்கரத்திலிருந்து சக்கரத்துக்கு டேப்பை நீட்டினான்.

"அப்படி இல்ல. நான் பெடல் சுத்தறேன். முழங்கை எவ்வளவு வெளிய வருதுன்னு பாத்து அள."

அத்தான் பெடலைப் பின்பக்கமாக வேகமாகச் சுற்றினார். இன்ஜினியர் கிட்டே குனிந்தான். முழங்கை அவன் நெற்றிப்பொட்டில் நங்கென்று இடித்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"ஆமா அத்தான்."

"வலிக்கட்டும். அதுவரைக்கும் சேத்துத்தான் என் அகலம். எழுதிக்கோ."