வளைவைக் கட்டியது யார்?

தலைவர் செவெரினுக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, போருக்குப் பின் மியூனிக்கில் தங்கிவிட்ட எங்கள் உக்ரேனியச் சங்கம் அவருடைய வாழ்க்கையை நாடகமாகப் போட்டது. தலைவராக நடித்தவன் நான். திறமையைப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கும் எனக்கும் காதுகள் ஒரே மாதிரி விரிந்து நிற்கும், அவ்வளவுதான்.

நாடகத்தை எழுதியவர் லெவ்கோ. திருத்தியவர் தலைவரேதான். ஒத்திகைக்கெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்வார். போருக்கு முன் எங்கள் ஊரை ஆண்ட போலந்துக்காரர்களின் சிறையில் அவர் காய்ச்சலோடு கிடந்த காட்சியில் நான் இருமியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னப்பா இருமல் இது, ஜலதோஷம் பிடிச்ச பூனையாட்டம்? தேசத்துக்காக இருமுறவனுக்கு நெஞ்சு அதிர வேணாமா?"

முதல் அங்கம் பிறப்பு, இரண்டாவது சிறை. மூன்றாவதில், நாற்பத்தொன்றாம் வருடக் கோடையில், எங்கள் ஊர் வெர்போவாவின் நகராட்சி மாடத்தில் நின்று உக்ரேனின் சுதந்திரத்தை அறிவிப்பார். நான்காவதில், "உன்னை யார் அரசாங்கம் நடத்தச் சொன்னது?" என்று ஜெர்மன்காரர்கள் அவரையே பிடித்துப்போவார்கள்.

சிறைக்கும் மாடத்துக்கும் நடுவே, நாடகம் தாண்டிக் குதித்துவிட்ட ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அவர் ஊருக்குள் வந்ததே ஜெர்மன் படையின் லாரியில்தான். படையை வரவேற்கச் சந்தை முனையில் பைன் கிளைகளால் வளைவு எழும்பியது. எங்கள் பையன்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு, யூதர்களை வீடு வீடாக இழுத்துச் செங்கல் சூளைக்கு ஓட்டிப்போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. வெர்போவாக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் ஜெர்மன்காரர்களுக்கு உதவியவர்களுக்குக் கிடைக்காத அமெரிக்க விசாவுக்கு மனுப் போடத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஆட்களிடையே ஞாபகமறதி தொற்றுநோயாகப் பரவியிருந்தது.

பராஸ்கா அக்காவுக்கு மட்டும் அது தொற்றவில்லை. ஊரில் லெய்ப் என்ற யூதரின் மருந்துக்கடையில் சீசா கழுவியவள். இங்கே நாடக உடைகள் தைத்தாள். மாடத்தின் கீழ் நின்று, எங்கள் வழக்கப்படி வரவேற்புக்குத் தலைவருக்கு ரொட்டியும் உப்பும் நீட்டும் பெண் வேடமும் அவளுக்குத்தான்.

ஒத்திகையில் அப்பாவியாகக் கேட்டாள்: "தலைவரே, அன்னிக்கு ரொட்டிய ஜெர்மன் மேஜருக்கில்ல குடுத்தோம்?"

"கலைன்னா அப்படித்தாம்மா. நீ உன் ரொட்டிய மட்டும் பாரு."

"சரிங்க."

நாடகத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் தலைவரும் அவர் மனைவியும். மூன்றாம் அங்கத்தில், ஒட்டு மீசையோடு அட்டை மாடத்தில் நான் நிற்க, பராஸ்கா ரொட்டித் தட்டோடு வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. சபையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜெர்மன்காரங்க வந்தப்போ எவ்வளவு அழகா வளைவு கட்டினாரு நம்ம ஊர்ப் பாதிரியார்! அவருக்கு ஒரு தடவை கைதட்டுங்க!"

நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் தட்டியும் விட்டார்கள். தலைவர் எழுந்துவிட்டார்.

"யாரு, பாதிரியாரா? அந்த ஆளு அன்னிக்குச் சர்ச் கதவையே தொறக்கல! வளைவு நான் கட்டினது. கிளை வெட்ட ஆள் அனுப்பினது நான். மேஜர் என் கையத்தான் குலுக்கினான்!"

மனைவி அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க, உக்காருங்களேன்!"

"அய்யோ, எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் பராஸ்கா. "அப்போ பசங்களுக்குக் கைப்பட்டை? அதையாவது பாதிரியார்தானே குடுத்தாரு?"

"அதையும் நான்தான் குடுத்தேன்! என் கையால கட்டிவிட்டேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது.

பராஸ்கா தட்டை மேடையில் வைத்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "லெய்ப்பையும் அவரு ரெண்டு பொண்ணுங்களையும் ஓட்டிட்டுப் போனவங்க கட்டியிருந்த பட்டைதான் அது. இத்தனை வருஷமா பாதிரியார்தானோன்னு நெனச்சுட்டேன். பாவம், நல்ல மனுஷன்."

திரையை இழுத்தார்கள். லெவ்கோ ஓடிவந்து என் தோளை உலுக்கினார். "நாலாவது அங்கம்டா, போடா!"

"நீங்களே போங்க," என்று கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மீசையைப் பிய்த்தபோது மேலுதடு எரிந்தது. லெவ்கோ தன் சிறிய காதுகளோடு, பாதி காலியான அரங்கத்தில் நடித்து முடித்தார்.

நாடகம் மகத்தான வெற்றி என்று சங்கப் பத்திரிகை எழுதியது. தலைவர் தலைவராகவே இருந்தார். பராஸ்காவை மாஸ்கோவின் உளவாளி என்று தீர்மானம் போட்டு நீக்கினார்கள்.

"மாஸ்கோவா? எனக்கு இந்த ஊர் ரயில் நிலையத்துலயே வழி தெரியாது!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் அறைக்கு வெர்போவாக்காரர்கள் சிலர் போனோம். யாரும் அழைக்கவில்லை. பீட்ரூட் சூப் ஊற்றிக் கொடுத்தாள். யாரோ மெதுவாக லெய்ப்பின் மூத்த மகள் பெயரைச் சொன்னார். இன்னொருவர் பள்ளி வாத்தியாரின் பெயரை. சூளைக்குப் போனவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே, ஞாபகத்தில் ஒவ்வொரு வீடாகச் சந்தைத் தெரு முழுக்க வந்தோம். முனையில் இருந்த ரொட்டிக்கடைக்காரரின் பெயர் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

"நாக்கு நுனியில நிக்குதுடா," என்று பராஸ்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு வந்துவிட்டது. "ஹெர்ஷ்கோ!" என்று தெருவிலேயே கத்திவிட்டேன். எதிரே நாயோடு வந்த ஒரு ஜெர்மன் கிழவர் நின்று என்னை உற்றுப் பார்த்தார். நான் திரும்பி, பராஸ்காவின் வீட்டை நோக்கி ஓடினேன்.