ஆறு குழாய், மூன்று கோடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின் சீட்டில் கிடைத்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஓட்டிக்கொண்டிருந்தவள் அனுசூயா. பக்கத்தில் அவளுடைய சிநேகிதி ரமா. மொன்றியல் தீவின் மேற்குக் கோடியில், அவர்கள் இருக்கும் கர்க்லாண்டில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, என்னை ஊர் நடுவே வில்லரேயில் என் வீட்டில் இறக்கிவிட வந்துகொண்டிருந்தார்கள். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள்.

"வேணும்னேதான் வெச்சார் உன் வீட்டுக்காரர்."

"சந்தனம்தானே வெச்சார், ரமா. தீயா வெச்சார்?"

"தீ வெச்சிருந்தா தேவலை. ஏன்னு புரிஞ்சிருக்கும்."

எனக்குக் கதை எப்போதும் இப்படித்தான் வரும். முதலில் குரல், அப்புறம் முகம், கடைசியில் வீடும் ஊரும் பனியும். கண்ணை மூடியபடியே மீதியையும் கேட்டேன். கேட்காத இடங்களை இப்போது எழுதி நிரப்புகிறேன். எது எது என்று கேட்காதீர்கள். இரண்டு தரம் திருத்தி எழுதியதில் எனக்கே குழம்பிவிட்டது.

2

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன்.

முதலாவது: "மொன்றியலில் தெருவுக்குப் போடும் உப்பு, பனியைக் கரைத்த கையோடு காரையும் கரைக்கத் தொடங்குகிறது, இரும்பு என்னும் உலோகமானது—"

பள்ளிக்கூடப் பாடம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "அனுசூயாவுக்கு அந்தப் பழைய காரைக் கண்டாலே வெறுப்பு. இரண்டு குளிர்காலமாக அது கராஜை அடைத்துக்கொண்டு—"

இது பொய். வெறுப்பெல்லாம் இல்லை. அவள் அந்தக் காரை அதுவரை பார்த்ததே இல்லை. அதன் மேல் கிடந்த தார்ப்பாயைத்தான் பார்த்திருந்தாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தள்ளிவிட்டதை அவள் கணவர் ஜம்புநாதன் ஆசையாக வாங்கி வந்திருந்தார். ஐம்பதுகளில் பிறந்த அமெரிக்கக் கார், கடல் நீலம். சீர்செய்து ஓட்டப்போகிறேன் என்றார். தார்ப்பாய் போட்டார். அதோடு சரி.

மூன்றாவது இது. இதை வைத்துக்கொண்டேன்:

எழுபத்தாறு ஒலிம்பிக்ஸ் முடிந்து ஊர் காலியான அந்தக் கோடைக் கடைசியில், அனுசூயாவுக்கு வேலை கிடைத்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு சோதனைக்கூடம். கப்பலில் ஏற்றும் தானியத்தைப் பரிசோதிக்கும் வேலை. சென்னையில் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. வாங்கியவள், இந்த ஊருக்கு வந்த நாளாக வேலை தேடிக்கொண்டிருந்தவள். அக்டோபர் முதல் திங்கட்கிழமை சேரவேண்டும்.

ஜம்புநாதன் பாலங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினியர். நல்ல மனிதர். கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எப்படிப் போவாய் என்று கேட்டார். பஸ் மாறி, மெட்ரோ ஏறி, மறுபடி பஸ். குளிர்காலத்தில் நடக்கிற காரியமா? இருப்பது ஒரு கார், அது அவருடைய ஆபீசுக்கு எதிர்த் திசையில் போகவே போகாது.

"கராஜ்ல இன்னொண்ணு நிக்குதே," என்றாள் அனுசூயா.

அவர் சிரித்தார். "அது ஓடினா நீ தாராளமா போ."

"சொன்னதை மாத்தக்கூடாது."

"மாத்தலை, அனு. ஓடட்டும்."

அவள் அப்போதே போனை எடுத்துச் சோதனைக்கூடத்துக்குச் சொன்னாள், திங்கட்கிழமை வருகிறேன் என்று. ஜம்புநாதன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

3

அனுசூயா தார்ப்பாயை எடுத்துவிட்டு, ஒரு கையேட்டைப் பார்த்துப் பாட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியதும் என்ஜின் என்னவோ எழுந்தது. ஆனால் லாரி மாதிரி உறுமியது, கராஜ் முழுக்கப் புகை. கோளாறு ஹெட்டரில்.

[இங்கே ஒரு அடைப்புக்குறி வேண்டியிருக்கிறது. என்ஜினில் எரிந்த புகை வெளியே வரும் முதல் வழி ஹெட்டர். ஆறு குழாய்கள் ஆறு துளைகளிலிருந்து புறப்பட்டு, வளைந்து நெளிந்து, கீழே ஒரே குழாயாகச் சேரும். கம்பெனியில் போட்டது கனமான வார்ப்பிரும்பு. முதலில் இந்தக் காரை வைத்திருந்த யாரோ ஒரு வேகப் பைத்தியம் அதைக் கழற்றிவிட்டு இந்தக் குழாய்களை மாட்டியிருக்கிறான். வேகத்துக்கு நல்லது. துருவுக்கும் நல்லது.]

குழாய்கள் ஆறும் பழைய அப்பளம் மாதிரி பொருக்குப் பொருக்காக உரிந்தன. நல்லவேளை, எங்கும் ஓட்டை இல்லை. ஆனால் என்ஜினோடு சேரும் தகட்டில் துரு ஏறி மேடு தட்டியிருந்தது. புகை அந்த இடுக்கால் கசிந்தது. கழற்றி, துருவெடுத்து, தகட்டைச் சமமாக அராவி, பெயின்ட் பூசி, திரும்ப மாட்டவேண்டும்.

போல்ட்டுகள் அசையவில்லை. சாயங்காலம் எண்ணெய் விட்டு ஊறவைப்பாள், மறுநாள் ஸ்பேனரைப் போட்டு உன்னுவாள். மறுபடி எண்ணெய். கடைசியில் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் தலை முறிந்து, உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில், முதல் பிரதியில், ஜம்புநாதன் வாசற்படியில் நின்று சிரிக்கிறார். எழுதிவிட்டுக் கேட்டுப் பார்த்தேன், அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. அடித்துவிட்டேன். உண்மையில் அவர் செய்தது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, முறிந்த போல்ட்டின் நடுவில் துளைபோட்டு, பொறுமையாகத் திருகி வெளியே எடுத்துக் கொடுத்ததுதான். எடுத்தபின் சொன்னார்:

"இது காருக்காகச் செஞ்சேன். வேலைக்காக இல்லை."

"கார்கிட்ட சொல்லிடறேன்," என்றாள்.

4

துருவெடுப்பதற்கு அவள் செய்த காரியத்தை நான் இட்டுக்கட்டவில்லை. பொருக்கைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினாள். பிரஷ் எட்டாத வளைவுகளுக்கு, ஊரிலிருந்து வந்து கறுத்துப்போன புளி இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற புளி இரும்பை மட்டும் விட்டுவிடுமா? உள்ளே இருக்கும் அமிலம் அவள் படித்த அமிலம்தான். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, ஹெட்டரை முக்கிவைத்தாள்.

அடுத்த தெருவிலிருந்து வந்த ரமா எட்டிப் பார்த்தாள். "குழந்தையைக் குளிப்பாட்டின தொட்டியில ரசம் வெக்கிறியா?"

"பெருங்காயம்தான் பாக்கி."

புளி துருவைத் தின்றது. கழுவி, சமையல் சோடா தேய்த்து, மறுபடி கழுவி, ஈரம் நின்றால் உடனே துரு பூக்கும் என்று தலை காயவைக்கிற மெஷினால் ஊதினாள். குழாய்கள் கருஞ்சாம்பல் நிறத்தில் நின்றன.

சூடு தாங்கும் பெயின்ட் வாங்கப் புருஷனும் பெண்டாட்டியுமாக வில்லரேக்கு வந்தார்கள். உதிரிபாகக் கடையில் சண்முகவேல் என்றொரு யாழ்ப்பாணத்துக்காரர், படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர். டின்னைத் திருப்பி அதில் இருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"பூச முந்தி தின்னராலை வடிவாத் துடையுங்கோ அக்கா. பேந்து ஒருத்தரும் வெறுங்கையாலை தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறேக்கை உரிஞ்சு போயிடும்."

"பூசினதுக்கப்புறமும் தொடக்கூடாதா?"

"ஓம். என்ஜின் சூட்டிலை ஒருக்கா வெந்தாத்தான் அது பெயின்ற். அதுவரைக்கும் வெறும் மை."

ஜம்புநாதன் பக்கத்தில்தான் நின்றார். கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். இதை மட்டும் நீங்கள் மறந்துவிடக்கூடாது.

5

வெள்ளிக்கிழமை பெயின்ட் பூசி, ஹெட்டரைக் கராஜ் மேசையில் பழைய பேப்பரின் மேல் காயவைத்தாள். சனிக்கிழமை மாட்டலாம், ஞாயிறு ஓட்டிப் பார்க்கலாம். திங்கள் வேலை.

சனிக்கிழமை ஆயுத பூஜை.

காலையில் ஜம்புநாதன் குளித்து, நெற்றியில் பட்டையோடு வந்து, இன்றைக்கு ஸ்பேனரைத் தொடக்கூடாது, எல்லாம் சாமி முன்னால் இருக்கவேண்டும் என்றார். போன வருஷம் இதே நாளில் கணக்குப் போடும் ஸ்லைட் ரூலை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனது யார் என்று அனுசூயா கேட்டாள்.

"போன வருஷம் வீட்ல மெக்கானிக் இல்லையே."

அவள் வாதாடவில்லை. பூஜையை விடுவது அவளுக்கும் பழக்கமில்லை. சரஸ்வதி படத்துக்கு முன் பட்டுத்துணி விரித்து, மகனுடைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஸ்பேனர்களை அடுக்கினாள். சுண்டலும் பொரியும் படைத்தாள். அடுப்பு, தையல் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். ஒரு நாள் போனது. கருவிகள் தூங்கின.

ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. எதையும் தொடங்குகிற நாள். ரமா ஒத்தாசைக்கு வந்துவிட்டாள். இருவரும் கராஜ் கதவைத் தூக்கினார்கள். வெளிச்சம் மேசை மேல் விழுந்தது.

கறுப்புக் குழாய்களின் குறுக்கே சந்தனம். மூன்று விரலால் இழுத்த மூன்று கோடு. நடுவில் குங்குமம்.

6

இந்த இடத்தில் ஒரு சண்டை எழுதினேன். இரண்டு பக்கம். அனுசூயா கத்துகிறாள், ஜம்புநாதன் "சாமிக்கு வெச்சது தப்பா" என்கிறார், ரமா நடுவில் புகுந்து— நல்ல சண்டை. ஆனால் பின் சீட்டில் நான் கேட்டது அது இல்லை. கேட்டது இதுதான்.

சமையலறையிலிருந்து கராஜுக்கு வரும் வாசலில் ஜம்புநாதன் காபி டம்ளரோடு நின்றார். அவர் மேசையைப் பார்த்தார். அனுசூயா அவரைப் பார்த்தாள்.

ரமாதான் மெதுவாக, "தின்னர் போட்டு அழிச்சுட்டு மறுபடி பூசேன்," என்றாள்.

"சந்தனத்தோட பெயின்டும் வரும். மறுபடி பூசினா நாளைக் காலைக்குள்ள காயாது."

"ஒரு நாள் லேட்டா வரேன்னு சொல்லு."

"முதல் நாளேவா?"

அனுசூயா கையுறையை மாட்டினாள். ஹெட்டரின் ஒரு முனையைத் தூக்கினாள். கனம். தனியாக மாட்டமுடியாது, ரமாவுக்கு இடுப்பு வலி.

"என்னங்க," என்றாள். "அந்தப் பக்கம் புடிங்க."

அவர் டம்ளரைப் படியில் வைத்தார். வந்தார். குழாயின் மேல் கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"க்ளவுஸ் எங்க இருக்கு?"

கோடு போட்ட கை, இப்போது கையுறை கேட்கிறது. எழுதும்போது இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். சாயங்காலம் வரை நின்றேன்.

அவள் கையுறை இருக்கும் இடத்தைச் சொன்னாள். இரண்டு பேருமாக மாட்டினார்கள். போல்ட்டுகளை அவள்தான் முடுக்கினாள், நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே சீராக. பிறகு சாவியைத் திருப்பினாள். என்ஜின் எழுந்தது. உறுமவில்லை. நின்று நிதானமாக ஓடியது. குழாய் சூடேறியதும் பெயின்ட் புகைந்தது. அதோடு சேர்ந்து சந்தனமும் புகைந்தது. கர்க்லாண்டில் அந்தத் தெரு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று மூக்கை உறிஞ்சினார் என்று ரமா சொல்கிறாள்.

திங்கட்கிழமை காலை அனுசூயா துறைமுகத்துக்குப் போனாள். தானே ஓட்டிக்கொண்டு. இன்றுவரை போகிறாள்.

7

கதை முடிந்துவிட்டது என்று பத்திரிகைக்காரர்கள் சொல்லக்கூடும். முடியவில்லை. கோடு இருக்கிறது.

ரமாவின் முடிவு தயாராக இருக்கிறது: அவருக்குத் தெரியும், தொட்டால் உரியும் என்று கேட்டவர், பூஜை பேரைச் சொல்லிக் கெடுக்கப் பார்த்தார். இன்னொன்றை நான் எழுதிப் பார்த்தேன்: மனைவி முதன்முதலாக ஊர்க்கோடிக்குத் தனியாகக் கார் ஓட்டப் போகிறாள். பயந்த மனிதர் கடையில் கேட்டதை எல்லாம் மறந்து, தெரிந்த ஒரே காவலை அதன் மேல் வைத்தார். இரண்டையும் அவர் குரலில் வாசித்துப் பார்த்தேன். சங்கடம் என்னவென்றால், இரண்டுமே அவர் குரலில் சரியாக இருக்கின்றன. ஒரே கை ஒரே நேரத்தில் இரண்டையும்— வேண்டாம், இது கெட்டிக்காரத்தனம். அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு என் வீட்டு வாசலில் கார் நின்றதும், நான் தூங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னேன். அனுசூயா பானெட்டைத் தூக்கினாள். பெயின்ட் எங்கும் நன்றாகத்தான் இருந்தது. சந்தனம் பட்ட இடம் மட்டும் உரிந்து, மூன்று விரல் அகலத்துக்கு வெறும் இரும்பு பழுப்பேறித் தெரிந்தது.

"இத்தனை நாள்ல ஒரு தரம்கூட அவரைக் கேட்கலையா?"

"கேட்டா ஒரு பதில்தான் கிடைக்கும், மாமி."

"கிடைக்கட்டுமே."

"இப்ப எனக்கு வேலையும் இருக்கு, வீட்டுக்காரரும் இருக்கார்." கைக்குட்டையால் பானெட் ஓரத்தைத் துடைத்தாள். "வருஷா வருஷம் அந்த இடத்துல மட்டும் துரு வருது. புளி போட்டுத் தேய்ச்சு, புதுசா பெயின்ட் தடவிடுவேன். திரும்ப வரும். திரும்பத் தேய்ப்பேன்."

"மொத்தமாச் சுரண்டிட்டு மறுபடி பூசினா கோடே தெரியாதே," என்றாள் ரமா.

"தெரியாது," என்றாள் அனுசூயா. மொத்தமாகச் சுரண்டிப் பூசுவதாகச் சொல்லவில்லை.

அவள் கேட்காததை நான் எப்படி எழுதுவது? பானெட்டை மூடவில்லை, திறந்தபடியே உங்களிடம் விட்டுப்போகிறேன். குழாய் ஆறியாயிற்று. அந்த மூன்று கோட்டின் மேல் உங்கள் மூன்று விரலை வைத்து, எந்த மனசோடு இழுத்திருப்பார் என்று நீங்களே பாருங்கள்.

கையை மட்டும் துடைத்துக்கொண்டு வாருங்கள்.