வாய் வைக்காத நாய்

அத்தாயியின் நாயைப் பார்த்து ஊரே சிரித்தது. முயல் வேட்டைக்கு நாய் என்றால் வயிறு முதுகோடு ஒட்டி, காது விடைத்து, கால் நீண்டு இருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் பிய்த்துக்கொண்டு ஓட வேண்டும். இதுவோ வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகளும் தொங்குகிற காதுகளுமாக இருந்தது. அதைவிடக் கேவலம், வாசனை பிடித்ததும் ஓடாமல் நின்றுவிடும். முன்னங்கால் ஒன்றை மடக்கி, மூக்கை நீட்டி, வாலை விறைத்து, அடித்து வைத்த முளைக்குச்சி மாதிரி நிற்கும்.

"காடையக் கண்டு பயந்துக்கற நாய இந்தச் சில்லாவுலயே நான் பாத்ததில்ல" என்பான் மாதையன். மோகனூரைச் சுற்றிப் பத்து ஊரில் பேர் போன கறுப்பு நாய் அவனுடையது. அவன் சொன்னால் எல்லோரும் சிரித்தாக வேண்டும்.

ரஸ்தா போட வந்த இஞ்சினீர் துரை ஒருவர் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து இரண்டு வருஷம் இருந்தார். அங்கே மண் சுமக்கப் போனவள் அத்தாயி. சாயந்திரமானால் துரை துப்பாக்கியோடு கொள்ளுக் காட்டில் இறங்குவார். அவருடைய நாய் முன்னால் போகும், நிற்கும். அவர் அவசரமில்லாமல் நடந்து வந்து சேரும்வரை அது அசையாது. பிறகு பறவை எழும்பும், அவர் சுடுவார். மேட்டூரில் அணை கட்டி முடிந்த மறு வருஷம் துரை கப்பலேறிவிட்டார். அந்த நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கூடாரத்துச் சமையல்காரர் அத்தாயியின் கூடையில் வைத்துவிட்டுப் போனார்.

துரை வீட்டுக் குட்டி என்பதால் ஊர் அதற்குத் துரை என்றே பேர் வைத்தது. "தொரை எந்திரிச்சாச்சா?" "தொரைக்குக் காப்பி ஆச்சா?" நிஜத் துரையின் எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு நாய் ஒன்று அகப்பட்டது, விடுவார்களா?

அத்தாயிக்கு இருபத்தொரு வயது. புருஷன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய் நான்கு வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் இரண்டு கடுதாசி வந்தது. அதோடு சரி. மாமியார் வீட்டில் இவள் ராசியைக் குற்றம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் செல்லமுத்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணி சௌந்திரம்தான், காட்டுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி, ஊருக்கு வெளியே இருந்த சாளையில் அவளைக் குடிவைத்தாள். நான்கு கால், சோளத்தட்டுக் கூரை, ஒரு பானை, ஒரு பாய். வாரம் ஒருமுறை ராகி வாங்க அண்ணன் வீட்டுக்குப் போவாள். அங்கே பேசுகிற பத்து வார்த்தைதான் அந்த வாரத்துப் பேச்சு.

ஊரில் ஐம்பத்துமூன்று தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்தவளுக்கு அரை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவளுக்கு ஒன்றுமில்லை. மாரியம்மன் நோன்புக்கு முன்னால் வேட்டைக்குப் போய், கொண்டுவந்த முயலைக் கோயில் வாசலில் அறுத்துப் பங்கு போடும்போது ஐம்பத்துமூன்று பேரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். யார் பேரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள்தான் ஊர். எலும்பும் தோலுமாக ஒரு துண்டு கிடைத்தாலும் அதை வாங்க முதுகை நிமிர்த்திக்கொண்டு போவார்கள்.

இதற்கு மேல் ஒரு பங்கு உண்டு. அது நாய்ப் பங்கு. வேட்டையில் முந்தி நின்ற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தொடைக் கறி. அதற்குத் தலைக்கட்டுக் கணக்கு இல்லை. நாய் யாருடையதோ அவர்கள் பேர்.

அத்தாயி குறிவைத்தது அதைத்தான். கறிக்காக இல்லை. அவளைச் செல்லமுத்து தங்கச்சி என்றார்கள், கண்டிக்காரன் பொண்டாட்டி என்றார்கள், சாளைக்காரி என்றார்கள். அத்தாயி என்று யாராவது கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒருநாள் களை வெட்டிக்கொண்டே யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. மாரியம்மன் வாசலில், ஐம்பத்துமூன்று பேர் காதிலும் விழும்படி, ஒரே ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்ல வைக்க வேண்டும்.

இஞ்சினீர் துரையின் நாய் நின்றதை அவள் பார்த்திருந்தாள். அதை நிற்கப் பழக்கியதை அவள் எங்கே பார்த்தாள்? குட்டி தானாகவே நின்றது, அது பிறப்பிலேயே வந்தது. ஆனால் இமை கொட்டுகிற நேரம்தான் நிற்கும், பிறகு பாயும், காடைகள் நாலா பக்கமும் சிதறும். பாய்ந்தபோதெல்லாம் அவள் குச்சியால் அடித்தாள். மாட்டை அப்படித்தானே பழக்குகிறார்கள். நான்காவது நாள், காடை வாசனை வந்ததும் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கே ஒன்றுமே இல்லாதது போல வேறு பக்கம் நடந்தது. பறவை இருக்கிற இடம் அடி விழுகிற இடம் என்று படித்துக்கொண்டுவிட்டது. அத்தாயிக்கு அந்த நடை தெரியும். மாமியார் வீட்டு அடுப்படியை அவள் இப்படித்தான் சுற்றிக்கொண்டு போவாள். குச்சியைக் கிணற்றில் எறிந்தாள்.

ஒரு மாதம் அதைப் பறவைப் பக்கமே கூட்டிப் போகவில்லை. பிறகு கிணற்றுக் கயிற்றைக் கழுத்தில் கட்டி, மறுமுனையைக் காலடியில் மிதித்துக்கொண்டாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அவள் வேகமாக ஓரடி எடுத்து வைத்தால் நாய் பாய்கிறது. அவள் நின்றால் அதுவும் நிற்கிறது. அன்றிலிருந்து இரண்டு பேரும் நிற்கப் பழகினார்கள். கால் மரத்துப் போகும்வரை, வெயில் உச்சிக்கு ஏறும்வரை. சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "பாவம், கிறுக்குப் புடிச்சுப்போச்சு" என்று போனார்கள்.

ஐப்பசி போய்த் தை வந்தது. ஒருநாள் காலை, கொள்ளு அறுத்த காட்டில் துரை நின்றது. அத்தாயி கயிற்றை விட்டாள். சுற்றிக்கொண்டு அதன் எதிரே போய்க் கையைத் தட்டினாள். ஏழெட்டுக் காடைகள் பொரிந்து எழும்பின. நாயின் தோல் நடுங்கியது, கால் அசையவில்லை. அத்தாயி திரும்பிப் பார்த்தாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்ணுக்கு எட்டின தூரம் கட்டாந்தரைதான். நாயிடமே சொன்னாள்: "நின்னுட்டியேடா!"

அந்த வருஷம் ஊருக்கு நாய் வேண்டியிருந்தது. முந்தின வருஷம் நடந்த இரண்டு வேட்டையிலும் ஒரு முயல்கூடச் சிக்கவில்லை. கும்பல் போடுகிற கூச்சலில் முயல் கரட்டுக் குன்றைத் தாண்டிப் போய்விடும். முயல் இல்லாமல் நோன்பு நடந்ததால்தான் மழை பொய்த்தது என்று பேச்சு. துரை முயல் புதருக்கும் அப்படியே நிற்பதைச் சந்தைக்குப் போகிறவர்கள் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஊர்த் தலைவரான பெரியதனம் சென்றாயனே சாளைக்கு வந்தார்.

"உன்ற நாய் முயல் இருக்கற பொதரக் காட்டுமாமே அம்முணி?"

"காட்டுமுங்க பெரீப்பா. ஆனா என்றகூடத்தான் வரும். வேற ஆரு கூப்புட்டாலும் வராதுங்க."

"பொம்பள வேட்டைக்கு வர்றதா?"

"அப்ப நாயும் வராதுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "செரி, ஓரமா வா."

"நாய்ப் பங்கு எனக்கு உண்டுங்களா?"

"மொதல்ல முயலு கெடைக்கட்டும். கெடச்சாக் குடுத்தாப் போச்சு."

வேட்டையன்று, கரட்டு ஓரம் வெயில் ஏறுமுன்பே துரை ஓர் ஆவாரம் புதரின் முன்னால் நின்றது. அத்தாயி கையைத் தூக்கினாள். சத்தமில்லாமல் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். அவள் புதரைத் தட்டினாள். முயல் வெளியே வந்தது, மாதையனின் கறுப்பு நாய் நாலே பாய்ச்சலில் கவ்வியது. அது முடிந்து அரை மைலில் இரண்டாவது. உச்சி வேளைக்குள் மூன்றாவது. அந்த ஊரில் அப்படி ஒரு வேட்டை நடந்ததே இல்லை. எல்லோரும் கறுப்பு நாயைத் தடவிக் கொடுத்தார்கள்.

"பெரீப்பா, மூணும் என்ற நாய் காட்டுனதுங்க."

சென்றாயன் வேறு பக்கம் பார்த்தார். "வாய் வெச்ச நாய்க்குத்தான் பங்கு, அம்முணி. மோந்து பாத்ததுக்கெல்லாம் பங்கு கேட்டா எப்புடி?"

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"என்ற பொண்டாட்டி ஊட்டுல உக்காந்துக்கிட்டே முயல் இருக்கற எடத்தச் சொல்லுவா" என்றான் மாதையன். "அவளுக்கும் ஒரு தொடை எடுத்து வெய்யுங்க."

சிரிப்பு கரடு முழுக்கக் கேட்டது. செல்லமுத்துவும் சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

நான்காவது புதர் கிளுவை வேலி ஓரத்தில். துரை நின்றது. காலையிலிருந்து அலைந்து நாக்கு தொங்கியிருந்தும், நின்றவுடன் வாயை மூடிக்கொண்டு விறைத்தது. இவ்வளவு அழகாக அது முன்னே நின்றதில்லை. அத்தாயி பக்கத்தில் போனாள். கையைத் தூக்கவில்லை. வாய் வைக்கும்படி அதற்கு எந்தச் சொல்லையும் அவள் சொல்லிக் கொடுத்ததில்லை. முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

நாய் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று கேட்கிற பார்வை. அவள் மறுபடி தள்ளினாள். "போடா! புடி!"

அது பாய்ந்தது. புதருக்குள் ஒரு புரளல். வெளியே வந்தபோது வாயில் முயல் இருந்தது. கறுப்பு நாய் மாதிரி உதறவில்லை, கிழிக்கவில்லை. கோழிக்குஞ்சைப் பூனைக்குச் சிக்காமல் தூக்கி வருகிறவளைப் போல அலுங்காமல் கொண்டுவந்து அவள் கையில் வைத்தது. முயலின் நெஞ்சு அவள் விரலுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"ரத்தமே இல்லியே, இது வேட்டையா?" என்றான் மாதையன்.

"வாய் வெச்சுது. நான் பாத்தேன்" என்றார் சென்றாயன், வேறு வழியில்லாமல்.

சாயந்திரம் மாரியம்மன் வாசலில் தப்பட்டை அடித்து நிறுத்தினார்கள். பேர் பேராகக் கூப்பிட்டார்கள். ஐம்பத்துமூன்றும் முடிந்தது. அத்தாயி பெண்கள் பக்கம் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொத நாய்ப் பங்கு, மாதையன்!" அவன் வாங்கிக்கொண்டான். "ரெண்டாவது நாய்ப் பங்கு, செல்லமுத்து!"

அண்ணன் எழுந்தான்.

"நாய் என்றதுங்க!" என்று அத்தாயி கத்தினாள். கூட்டம் திரும்பியது. "என்ற பேரச் சொல்லுங்க பெரீப்பா."

"உங்க அண்ணன் ஊட்டு நாய்தான அம்முணி? ஆரு வாங்குனா என்ன?"

"ஆரு வாங்குனாலும் ஒண்ணுதான்னா நான் வாங்கறனுங்க."

"பொம்பள பேருல சாமி முன்னால பங்கு கூப்புட்ட வளமொறை இல்ல."

"மாரியாத்தா ஆம்பளையாங்க?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். சென்றாயன் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு முன்னைவிடச் சத்தமாக, "செல்லமுத்து!" என்றார். செல்லமுத்து தலையைக் குனிந்தபடி போய் இலையில் வாங்கிக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சௌந்திரம் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். சாளைக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை.

"உன்ற நாய் சம்பாரிச்சது. தின்னு."

"என்ற நாயின்னு நீங்களாச்சும் சொன்னீங்களே."

அண்ணி கூரைத் தட்டு ஒன்றைச் சரி செய்தாள், போய்விட்டாள். குழம்பு ஆடை கட்டி ஆறியது.

மறுநாள் காலை காட்டில் இறங்கினார்கள். வாசனை வந்ததும் துரை நிற்கவில்லை. நேரே பாய்ந்தது. காடைகள் பறந்தன. நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, தட்டிக்கொடுப்பாள் என்று முகத்தை நீட்டியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. எட்டு மாதம் நின்று நின்று செய்ததை அவள் ஒரே ஒரு தள்ளில் அழித்துவிட்டாள். யாருக்காக?

ஒரு வாரம் கழித்து இரண்டாம் வேட்டை. விடிந்ததும் மாதையன் சாளை வாசலில் நின்றான்.

"நீ வர வேண்டாம் புள்ள. சங்கிலிய மட்டும் குடு. காட்டுல நேத்து நானே பாத்தேன், பாயுது. இப்பத்தான் அது நாய். மத்த நாய்களோட சேத்து ஓட்டிக்கறோம்."

அவளை முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாய் நின்றவரை அவள் வேண்டியிருந்தாள். இனி வேண்டாம்.

"குடுக்க மாட்டேன்."

"செல்லமுத்து குடுக்கச் சொல்லிட்டான். அவன் ஊட்டு நாய்தான?"

"அவரு ஊட்டுலதான் அவரும் இருக்காரு. அவரையே கூட்டிக்கிட்டுப் போங்க, வாய் வெப்பாரு."

மாதையன் சிரிக்கவில்லை. "திமிரு. இந்த வாரம் ராகி எங்கிருந்து வருதுன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கரட்டுப் பக்கம் தப்பட்டை கேட்டது. மற்ற நாய்கள் குரைத்தன. துரை ஊளையிட்டுச் சங்கிலியை இழுத்தது. அதற்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது, அங்கே ஓட்டம் இருந்தது, தட்டிக் கொடுக்கப் பத்துக் கை இருந்தது. அத்தாயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பட்டை கரட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கித் தேய்ந்தது.

பிறகு எதிர்த் திசையில், பருத்திக் காட்டுக்கு அப்பால் இருந்த தரிசுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனாள். சங்கிலியைக் கழற்றினாள். நாய் மூக்கைத் தூக்கியது, பாய்ந்தது. கௌதாரி இரண்டு கத்திக்கொண்டு பறந்தன.

அவள் கத்தவில்லை. நடந்து போய், வாலாட்டிக்கொண்டு நின்ற நாயை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துத் தூக்கினாள். வளர்ந்த நாய், கனத்தது. கால்களை உதைத்துக்கொண்டது. மூச்சு வாங்க நாற்பது தப்படி பின்னால் சுமந்துகொண்டு வந்து, அது எங்கே நின்றிருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இறக்கினாள். முன்னங்காலைச் சரி செய்தாள். வாலை நிமிர்த்தினாள். பறவை போய்விட்ட வெறும் புதரைப் பார்க்க அதன் முகத்தைத் திருப்பி வைத்தாள்.

நாய் அவளைப் பார்த்தது. அவள் பக்கத்தில் வந்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அசையாமல் நின்றாள்.