மின்சாரக் கடவுள் விழுந்த இதழ்

படக்கதையில் மின்சாரக் கடவுள் உதை வாங்கிய நாட்களில் எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது. தண்ணீர்க் கடவுள் தோற்றால் குழாயில் வெறும் காற்று வரும். லிப்ட் கடவுளின் காலை உடைத்த மாதம் எட்டாவது மாடிக்காரர்கள் எல்லோரும் இளைத்துப் போனார்கள். இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் துணி காயாதில்லையா, அது மாதிரிதான். ‘புதுக்கடவுள் போர்’ என்ற அந்த மாத இதழை அச்சகத்து மாடியில் உட்கார்ந்து ஓர் அண்ணனும் தங்கையும் தயாரித்தார்கள். அண்ணன் பென்சிலில் வரைவார், தங்கை அதன்மேல் மை தீட்டுவாள். ஊர் அவர்களைப் பென்சில், மசி என்றே கூப்பிட்டது. பென்சிலில் ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கும். மை ஏறிக் காய்ந்தால்தான் அடி விழும். அதனால் மெழுகுவத்தி வியாபாரியிலிருந்து கல்யாண வீட்டார் வரை படியேறி வந்தது மசியைப் பார்க்கத்தான். “இந்த மாசம் தண்ணிச் சாமிய மட்டும் தொடாதம்மா, வீட்ல விசேஷம்” என்பார்கள். “சரி, டிராபிக் அம்மன அடிச்சுக்கறேன், நீங்க ரோட்ல பாத்துப் போங்க” என்பாள் அவள். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷி.

அவளுக்குப் பிரசவ வலி நாள் தள்ளி வரும் என்று எல்லோரும் நினைத்திருக்க, இரண்டு மாதம் முந்திக்கொண்டு வந்தது. அச்சகத்தில் மிஷின் ஓட்டும் அவள் புருஷன் கையிலிருந்த கறையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பிறந்த பெண் குழந்தை உள்ளங்கையில் அடங்கிவிடும். சூடு காட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டி ஓடுவது கரண்டில்.

மாடியில் தனியாக இருந்த பென்சிலுக்குத் தங்கைமேல் உயிர். பாவம், பிள்ளை பெற்றவள் எழுந்து வந்து பாதியில் விட்ட இதழை வேறு முடிக்க வேண்டுமா என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவளுடைய தூரிகையைக் கையில் எடுத்து, மீதிப் பக்கத்துக்குத் தானே மை தீட்டினார். மின்சாரக் கடவுளின் நெஞ்சில் எல்லாக் கடவுளும் சேர்ந்து இறக்கிய கடைசி அடி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. படத்தைத்தான் பார்த்தாரே தவிர, படத்தில் இருப்பது யார் என்று யோசிக்கவில்லை. பாசம் கண்ணை மறைத்துவிட்டது. மை காய்ந்தது, தலைக்கு மேலே மின்விசிறி நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பட்டப்பகலில் தாளையும் மைப்புட்டியையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு அவர் ஓடியதை ஊரே பார்த்தது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் டீசல் கடவுளைப் போன மாதம்தான் கைகால் முறித்துப் போட்டிருந்தார்கள். நர்ஸ் பெட்டியைத் தன் கம்பளியால் மூடிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வெள்ளை பூசி அழிச்சிடு மசி” என்று அழுதார் அண்ணன். “அழிச்சா சாமியே இல்லாமப் போயிடும்ணா. அந்தக் கடைசிக் கட்டம் காலியா இருக்கா?” என்று கேட்டாள் அவள். விளம்பரத்துக்காக எப்போதும் விட்டுவைக்கும் கட்டம் அது. அண்ணன் பென்சிலை மாடியிலேயே மறந்து வந்திருந்ததால் பென்சில் கோடு இல்லாமலே, படுத்தபடி, நேராக மையில் வரைந்தாள். விழுகிற கடவுள் தரையைத் தொடுமுன் அடித்தவர்களே ஓடி வந்து தாங்கிப் பிடிக்கிறார்கள். அவ்வளவுதான் படம். காய வேண்டுமே என்று புருஷன் ஊதினார், அண்ணன் ஊதினார், நர்ஸும் ஊதினாள்.

மை காய்ந்தது. அதுவரை கரண்ட் இல்லாமலும் சமாளித்துக்கொண்டிருந்த மற்றக் கடவுள்கள் எல்லாம் மின்சாரக் கடவுளைத் தாங்கப் போய்விட, ஊரில் லிப்டுகள் அங்கங்கே நின்றன. போன்கள் ஓய்ந்தன, குழாய்கள் அடங்கின, சிக்னல்கள் அணைந்தன. கண்ணாடிப் பெட்டி மட்டும் சிக்னலின் மஞ்சள் நிறத்தில் எரிந்தது. வெந்நீர்ப் பையைத் தொட்ட மாதிரி இதமாக இருந்தது என்று நர்ஸ் இன்றும் சொல்கிறாள். மின்சாரக் கடவுள் அடுத்த இதழில் எழுந்து உட்காரும்வரை அப்படியே எரிந்தது. அதுவரை ஊர் முழுக்கப் படியேறியது. நியாயமாகப் பார்த்தால் கடுப்பாகியிருக்க வேண்டும், ஆனால் எங்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வீதியில் யாரைப் பார்த்தாலும் “பாப்பா எப்படி?” என்பதுதான் பேச்சு.

ஒரு தடவை தாங்கிப் பிடித்தபின் மறுபடி ஒருவரையொருவர் அடிக்கக் கடவுள்களுக்கு மனசு வரவில்லை. பென்சில் எப்படி ஓங்க வைத்தாலும் மை ஏறியதும் கையை இறக்கிவிடுகிறார்கள். இப்போது இதழில் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் வாங்கிப் படிக்கிறோம். மெழுகுவத்தி வியாபாரி குடைக் கடைக்கு மாறிவிட்டார்.

பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். அவள் ரோட்டைக் கடக்கும்போது சிக்னல் பொறுமையாக நிற்கிறது. “வரேன் அத்தை” என்று அதைப் பார்த்துக் கையாட்டுகிறாள். லிப்ட் கதவு அவளுக்காகத் திறந்தே காத்திருக்க, “தேங்க்ஸ் மாமா” என்று ஏறுகிறாள். கூட வரும் பென்சிலுக்குச் சின்னப் பொறாமை. “ஊர்ல இருக்கறதெல்லாம் மாமான்னா, நான் யாருடி?” என்றார் ஒரு நாள்.

“நீங்களும் மாமாதான். அன்னிக்கு மை காய ஊதினீங்கல்ல?” என்றாள் அவள். லிப்டில் இருந்த நாங்கள் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றோம்; கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.