முன்னால் போன சைக்கிள்

அந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவரை எல்லோரும் ஹாரன்காரர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் டிப்போ சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. வளைவுக்கு வளைவு அவர் அடிக்கிற ஹாரனில் கைக்குழந்தைகள் அலறும், ஜன்னலோரம் தூங்குகிறவர்கள் திடுக்கிட்டுக் கம்பியில் முட்டிக்கொள்வார்கள். அவருக்கோ அது போதவில்லை. "என்னய்யா ஹாரன் மாட்டியிருக்கீங்க, கொசு கத்துற மாதிரி இருக்கு" என்று டிப்போ மெக்கானிக்கோடு அடிக்கடி மல்லுக்கு நிற்பார். மெக்கானிக்கும் புதிது மாட்டி மாட்டி அலுத்துப்போய், கடைசியில் பழையதையே துடைத்து மாட்டிவிட்டு, "இது வெளிநாட்டு சாமான், அண்ணே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதுவரை கீறல் விழாமல் ஓட்டி, தலை நிமிர்ந்து சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

கண்டக்டர் அவருடைய மனைவியின் தம்பி. மாமாவும் மச்சானும் ஒரே பஸ்ஸில் வேண்டும் என்று டிப்போவில் கேட்டு வாங்கிக்கொண்டவன். முன்பெல்லாம் படியில் நின்று விசில் ஊதுவான். கொஞ்ச நாளாக ஊதுவதில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, டிரைவர் சீட்டின் முதுகைத் தட்டி, "போலாம் மாமா" என்பான். விசில் ஊதக்கூடத் துரைக்கு வாய் வலிக்கிறது என்று ஹாரன்காரர் வீட்டில் போய்க் குறை சொன்னார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொன்னாள், இவருக்கு விழவில்லை.

இந்த நிம்மதியான வாழ்க்கையில் மண்ணைப் போட வந்தது ஒரு சைக்கிள்.

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தர் மலை மேலே குடியிருந்தார். மேலே இருக்கிற நீரேற்று நிலையத்தில் அவர் கணவருக்கு வேலை. காலை பஸ் வழியில் இருக்கிற எல்லாக் குடியிருப்புகளுக்கும் சலாம் போட்டுவிட்டு அடிவாரம் சேர்வதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துவிடும். அதனால் டீச்சர் காலையில் சைக்கிளில் இறங்குவார். சாயங்காலம் சைக்கிளை பஸ் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்.

இறங்கிப் போவதைப் பற்றி ஹாரன்காரருக்கு ஆட்சேபணை இல்லை. எப்படி இறங்கினார் என்பதில்தான் வம்பு. பாதையின் நடுவில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அதுவரை எங்கோ முன்னால் பறந்துகொண்டிருக்கும் டீச்சர், அங்கே வந்ததும் ஓரமாக நின்று பஸ்ஸுக்காகக் காத்திருப்பார். பஸ் நெருங்கியதும் மிதித்து அதற்கு முன்னால் போவார். ஒவ்வொரு வளைவிலும் முதலில் திரும்பி, கீழே எட்டிப் பார்த்து, இடது கையை நீட்டுவார். சில சமயம் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அமுக்கிக் காட்டுவார். சில சமயம் கையைப் பின்னாலிருந்து முன்னால் வீசுவார். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் சிட்டாகப் பறந்துவிடுவார்.

அமுக்கிக் காட்டினால், "அடங்குடா கிழவா" என்று அர்த்தம். வீசிக் காட்டினால், "முடிந்தால் வந்து பிடி" என்று அர்த்தம். ஹாரன்காரர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். டீச்சர் கையை அமுக்கும்போதெல்லாம், மேலே ஏற்றித் தொலைத்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கில் கால் வைப்பார். சொல்லி வைத்த மாதிரி வளைவுக்குள்ளிருந்து ஒரு லாரி ஏறி வரும்.

"அது கையில அப்படி என்ன ராசியோ மாப்ளே," என்பார் மச்சானிடம். "ஆட்டினா போதும், எங்கேருந்தோ ஒரு லாரி வந்து நிக்குது."

மச்சான் சிரிக்க மாட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அந்தக் கோடையில் வெளியூர்ப் பையன்கள் சிலர் பந்தயம் கட்டிக்கொண்டு சைக்கிளில் இறங்கி, ஒருவன் தடுப்புச் சுவரில் மோதி இடுப்பை முறித்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் சாலை அலுவலகம் விழித்துக்கொண்டது. மலையில் சைக்கிள் இறங்குவதைத் தடுக்கலாமா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பந்தயம் கட்டிய பையன்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதால், தினமும் சைக்கிளில் இறங்குகிற ஒரே ஆளான டீச்சரை வரச் சொன்னார்கள். அனுபவசாலி என்று ஹாரன்காரரையும் கூப்பிட்டார்கள். மச்சானும் கூடவே போனான்.

அவர் பேசவில்லை, நடித்தே காட்டிவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்து, ஹேண்டில் பிடிப்பதுபோல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி அமுக்கினார். "இப்படிக் காட்டுவாங்க சார். அடங்குன்னு. அப்புறம் இப்படி." கையை வீசினார். "வாடா, வந்து புடிடான்னு. பஸ் நிறைய ஜனத்தை வெச்சுக்கிட்டு நான் இதோட மல்லுக்கட்டணுமா?"

அறை முழுக்கச் சிரிப்பு. டீ கொண்டுவந்தவர்கூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உற்சாகத்தில் ஹாரன்காரர் இன்னொரு தரம் நடித்துக் காட்டினார்.

சாலைப் பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, எதுக்கு இப்படிக் கை காட்டுறீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஹாரன்காரரைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தரையைப் பார்த்தான்.

"பழக்கமாயிடுச்சு சார்," என்றார் டீச்சர்.

"நல்ல பழக்கம்தான் போங்க."

சில நாளில் மலை உச்சியில் பலகை வந்துவிட்டது. இங்கிருந்து கீழே மிதிவண்டி ஓட்டத் தடை, மீறினால் வண்டி பறிமுதல். வேண்டுமானால் தள்ளிக்கொண்டு நடக்கலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தார்கள். தள்ளிக்கொண்டு நடந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேரலாம்.

டீச்சர் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்து பார்த்தார். தினமும் தாமதம், தினமும் தலைமையாசிரியரிடம் பாட்டு. கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்துக்கொண்டார். கணவரும் மகளும் மேலே, அவர் கீழே. சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போவார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தபோதே மனசு உறுத்தியது என்று ஹாரன்காரர் பிற்பாடு சொல்லிக்கொண்டார். உறுத்தவெல்லாம் இல்லை. பஸ் மேலே சைக்கிள் கட்டுகிற நேரம் மிச்சம் என்றுதான் அப்போது நினைத்தார்.

மழை விட்ட ஒரு காலை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஏழாவது வளைவுக்கு வந்தபோது முன்னால் சாலை காலியாக இருந்தது. ஹாரன்காரர் வழக்கம்போல் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார், பதிலுக்கு ஒன்றும் வரவில்லை, ஸ்டியரிங்கை வளைத்தார். மரம் ஏற்றிய லாரி ஒன்று கண்ணாடி முழுக்க நின்றது.

எப்படிப் பிரேக் போட்டார் என்று அவருக்கே தெரியாது. பஸ் வழுக்கி, பின்பக்கம் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை.

லாரி டிரைவர் குதித்து இறங்கி வந்தார். "யோவ், எத்தனை தடவை அடிச்சேன்! கீழ் வளைவுலேருந்து கையை எடுக்காம அடிச்சிட்டு வரேன். காது செவிடா உனக்கு?"

"நீ எங்கய்யா அடிச்ச?" ஹாரன்காரர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கத்தினார். "பஸ் நிறைய ஜனம் இருக்கு, கேட்டுப் பாரு! யாருக்காவது கேட்டுச்சா?"

திரும்பி ஜனத்தைப் பார்த்தார். எல்லோரும் விழுந்த பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்த பெண் மட்டும், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அடிச்சாருண்ணே," என்றாள்.

ஹாரன்காரர் கீழே இறங்கித் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். மச்சான் பக்கத்தில் வந்து, அவர் காதோரமாக உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா எனக்கு இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும் மாமா."

"உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காதான் முதல்ல சொன்னா. இன்னும் கொஞ்ச காலம்தானேடா, எப்படியாவது ஓட்டிடட்டும், பக்கத்துலயே இருந்து பாத்துக்கோன்னா."

டிப்போவின் வருஷாந்திரப் பரிசோதனையில் கண்ணைத்தான் குடைந்து குடைந்து பார்ப்பார்கள். காதுக்கு, டாக்டர் எதிரே உட்கார்ந்து சௌக்கியமா என்று கேட்பார். எதிரே உட்கார்ந்து கேட்டால் ஹாரன்காரருக்குப் புரிந்துவிடும்.

"டீச்சரும் கண்டுபிடிச்சிட்டாங்க மாமா," என்றான் மச்சான். "ஒரு தடவை சாயங்காலம் எங்கிட்ட வந்து, உங்க மாமாவுக்கு எதிர் ஹாரன் கேக்கலயான்னு கேட்டாங்க. வெளிய சொல்லிடாதீங்க டீச்சர், மானம் போயிடும்னு கெஞ்சினேன். அவங்க பஸ்ல இருந்த ஜனத்தைத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம், சொல்லல, ஆனா பஸ்ல இவ்வளவு பேரு இருக்காங்களேன்னாங்க. மறுநாளே முன்னாடி போக ஆரம்பிச்சிட்டாங்க. லாரி வந்தா கையை அமுக்குவாங்க. வழி காலியா இருந்தா வீசுவாங்க. அவ்வளவுதான் மாமா அது."

ஹாரன்காரர் தன் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார்த்தார். இந்தக் கையால்தான் அந்த அறையில் நடித்துக் காட்டினார். சிரிக்கிறார்களே என்று இரண்டாம் தரமும் காட்டினார்.

"அன்னைக்குக் கூட்டத்துல ஏன்டா வாயைத் திறக்கல?"

"திறந்திருந்தா அங்கயே சாவியை வாங்கியிருப்பாங்க மாமா. அவங்களும் அதுக்குத்தான் திறக்கல. நான் கோழை. அவங்க அப்படி இல்ல."

அன்று பஸ்ஸை இறக்க வேறு டிரைவர் வந்தார். ஹாரன்காரர் நேராக டிப்போவுக்குப் போய் மேனேஜர் மேசையில் சாவியை வைத்து, "எனக்குக் காது கேக்கல சார்" என்றார். கீறல் விழுந்த பஸ் வெளியே நின்றது. அதைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. மிச்ச மாதங்களுக்கு டயர் கிடங்கில் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். காது மெஷினுக்கு அளவெடுத்துக்கொண்டு போனார்கள், வரும் வரும் என்றார்கள்.

அவருக்கு மெஷின் அவசரம் இல்லை. பலகை இறங்க வேண்டும், அதுதான் அவசரம். சாலை அலுவலகத்துக்குப் போய்ப் பொறியாளர் எதிரில் நின்று, நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். "நான் சொன்னது தப்பு சார். என் கண்ணாட்டம் முன்னாடி போனவங்களைப் போய்க் கேவலப்படுத்திட்டேன். தடையை எடுத்துடுங்க."

பொறியாளர் நல்ல மனிதர்தான். தன் வாயைப் பார்த்து இவர் புரிந்துகொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பெரியவரே, நீங்க சொன்னதால மட்டும் போட்ட தடை இல்ல இது. இப்ப நீங்க என்ன சொல்றீங்க? காது கேக்காத ஆளு ரெண்டு வருஷமா அந்த ரோட்டுல பஸ் ஓட்டியிருக்கீங்க. இன்னும் எத்தனை பேரு இப்படி ஓட்டுறாங்களோ. அப்படிப்பட்ட ரோட்டுல நான் சைக்கிளை எந்த தைரியத்துல விடுவேன்? தடைக்கு இன்னும் பலம்தான் சேத்துட்டுப் போறீங்க."

ஹாரன்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் நன்றாகப் புரிந்தது. சில சொற்கள் கேட்காமல் போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

அங்கிருந்து இறங்கி அடிவாரப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். பள்ளி விடுகிற நேரம். வாசலில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் கேட்டில் நின்று, பிள்ளைகளைச் சாலையின் ஓரத்துக்கு ஒதுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளே மரத்தடியில் அவருடைய சைக்கிள் நின்றது. டயரில் காற்றில்லை.

"டீச்சர், நான் பாவி," என்றார் ஹாரன்காரர். வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சு வேறு. "நீங்க எனக்கு வழி காட்டினீங்க. நான் உங்களை ஊர் சிரிக்க வெச்சேன். உங்க புள்ளையை உங்ககிட்டேருந்து பிரிச்சுட்டேன்." தனக்கே கேட்காத குரலாதலால் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, ஏதோ சொன்னார்.

பிள்ளைகளின் கூச்சலில் அது கரைந்து போயிற்று. "என்ன டீச்சர்?" என்றார். டீச்சர் மறுபடி சொன்னார். நாலைந்து சொற்கள்தான் இருக்கும். மன்னித்தாரா, திட்டினாரா, மகள் பாதி ராத்திரியில் அம்மா எங்கே என்று கேட்டு அழுவதைச் சொன்னாரா, ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் தரம் கேட்க அவருக்கு நா எழவில்லை. கேட்டுவிட்டவர் போலத் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி, எதிர்ப்பக்கம் போகச் சாலையில் கால் வைக்கப் போனார்.

கடைசியாக ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையைத் திருப்பியதில்தான் அது கண்ணில் பட்டது. டீச்சர் இடது கையை நீட்டியிருந்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, இரண்டு தரம் அமுக்கினார்.

ஹாரன்காரர் அப்படியே நின்றார். அவர் மூக்குக்கு முன்னால் ஒரு லாரி சத்தமில்லாமல் கடந்து போனது. அதன் காற்றில் சட்டை படபடத்தது.

அவர் முன்னால் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கை பின்னாலிருந்து முன்னால் வீசியது. அவர் சாலையைக் கடந்தார்.