ஆணியில் தொங்கிய சாவி

துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் எனக்குப் 'பூட்டம்மா' என்று பெயர். வீடு வீடாகப் போய், துப்பாக்கி வைத்திருக்கும் அலமாரியை இழுத்துப் பார்த்து, தோட்டா வேறிடத்தில் இருக்கிறதா, சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஓய்வுபெற்ற நீதிபதியையே, "சாவியை மேசைமேல வெச்சுட்டு, பூட்டு ஒண்ணுதான் கேடா சார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள். ஊருக்குத்தானே உபதேசம்!

மார்ச் மாதம் அண்ணனுடைய படிவம் வந்தது. நகைக்கடைக் காவல் வேலை அவனுக்கு. சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை நிலைக்கும். அன்றைக்கு எனக்குத் தலைக்குமேல் வேலை. போனில் கேட்டேன்.

"அண்ணா, பூட்டித்தானே வெச்சிருக்கே?"

"ஆமாம்மா. வந்துதான் பாரேன். அப்படியே சாப்பிட்டுட்டுப் போ."

"உன் வீட்டை நான் பார்க்காததா? சரி, வரப் பார்க்கறேன்."

பார்த்திருந்தேன், அதுதான் கொடுமை. அண்ணனுக்கு மறதி அதிகம். எல்லாச் சாவியையும் அலமாரிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டிவிடுவான். 'அண்ணனோட மூளை' என்று அந்த ஆணிக்குப் பெயர் வைத்துச் சிரித்தவளே நான்தான். 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். போகவில்லை.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஏழு வயது மகள் நாற்காலி போட்டு ஏறி, ஆணியில் இருந்த துப்பாக்கி அலமாரிச் சாவியை எடுத்துவிட்டாள். அத்தை அத்தை என்று என் விரலை விடாமல் திரிந்த பிள்ளை. வெடிச் சத்தம் கேட்டு அண்ணன் ஈரத்தோடு ஓடி வந்தபோது உயிர் இல்லை.

விசாரணையில் அதிகாரி என் டிக்கைக் காட்டி அண்ணனிடம் கேட்டார். "இவங்க நேர்ல வந்து பார்த்தாங்களா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "வந்தாங்க சார். அப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நான்தான் சாவியை வெளியில மாட்டினேன். தப்பு முழுக்க என்னோடது."

அடப்பாவி அண்ணா! சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அடிவாங்கியவன், இதற்கும் முதுகைக் கொடுக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் அண்ணி கல்லாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பும். அண்ணி ஆயுசுக்கும் அவனை மட்டுமே வெறுப்பாள்.

எழுந்தேன். "பொய் சார். நான் போகவே இல்லை. போயிருந்தா அந்த ஆணியைப் பிடுங்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"உட்காரும்மா, உனக்கொண்ணும் தெரியாது," என்று அண்ணன் கெஞ்சினான்.

அண்ணி மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"போன்ல வரப் பார்க்கறேன்னு சொன்னியே, அன்னிக்கு நீ வருவேன்னு சமைச்சு வெச்சிருந்தேன்," என்றாள். "அத்தைக்குன்னு தட்டை அவதான் எடுத்து வெச்சா. ராத்திரி வரைக்கும் எடுக்க விடலை."