லியூபாவின் வலக்கை

உக்ரைனின் கெர்சோன் நகரில் ரொட்டி வரிசையில் நிற்பவர்கள் ஒரு கண்ணை வானத்தில்தான் வைத்திருப்பார்கள். அன்று காலை லியூபா வைக்கவில்லை. நாத்தனார் ரய்சாவைக் கிண்டலில் வாரிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் முதலுதவி வகுப்புக்குப் போய்ட்டு, டாக்டரம்மா மாதிரி பட்டைய இடுப்புல தொங்கவிட்டுத் திரியுறியே. என் கத்தரியக் குடுத்தா ஒரு முடி நேரா வெட்டுவியாடி நீ?"

"முடி வெட்ட நீங்க இருக்கீங்க அண்ணி. ரத்தத்த நிறுத்த ஆளு வேணாமா?"

வரிசை சிரித்தது. அந்தத் தெருவில் பாதித் தலைகள் லியூபாவின் கைவேலைதான்.

ட்ரோன் வரும் இரைச்சல் கேட்டபோது ஓட நேரமில்லை. குண்டு வெடித்த புழுதி அடங்கியதும் பார்த்தால், லியூபாவின் வலது மேல்கையிலிருந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்துகொண்டிருந்தது. ரய்சா இடுப்பிலிருந்து ரத்தத்தை நிறுத்தும் பட்டையை உருவினாள். காயத்துக்கு மேலே அதைச் சுற்றினாள், அதிலிருந்த குச்சியை முறுக்கி இறுக்கினாள், ரத்தம் நின்றது. வகுப்பில் சொன்னபடி பேனாவால் அண்ணியின் நெற்றியில் கட்டிய நேரத்தை எழுதினாள்: ஒன்பது பத்து. உண்மையைச் சொல்வதென்றால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்துக் கட்டிடத்தின் நிலவறைக்குள் அண்ணியைத் தாங்கிப் போனாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ரோட்டுக்கு மேலே ட்ரோன்கள் சுற்றுகின்றன, வானம் விட்டதும் வருகிறோம் என்றார்கள்.

பதினோரு மணிக்கு லியூபா கெஞ்ச ஆரம்பித்தாள். "கொஞ்சமாவது தளர்த்துடி. உயிர் போகுது."

"வலிச்சாத்தான் சரியாக் கட்டியிருக்குன்னு அர்த்தம் அண்ணி. டாக்டர் தவிர யாரும் தொடக் கூடாது. தளர்த்தினா செத்துருவீங்க."

"என் கைடி அது!"

"தெரியும். பேசாம இருங்க."

ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் ஊருக்கு அந்தப் பாடம் சரிதான். கெர்சோனில் வானம் அன்று மாலைவரை விடவேயில்லை. மதியத்துக்கு மேல் லியூபா கெஞ்சுவதை நிறுத்திவிட்டாள். வலி குறைந்துவிட்டது என்று ரய்சா பெருமூச்சு விட்டாள். பாவி மகள்! மரத்துப்போனதை ஆறிப்போனது என்று நினைத்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது மணி நாலரை.

அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த டாக்டருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"பட்டை கட்டினது நீங்களா?"

"ஆமாங்க."

"குண்டுச் சில்லு சதையிலதான் இருந்துச்சு, நகத்தளவு. பெரிய ரத்தக்குழாய் எதையும் தொடல. துணிய வெச்சு அழுத்தியிருந்தாலே நின்னிருக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள கழட்டியிருந்தாக்கூட கை பிழைச்சிருக்கும். இப்போ எடுக்க வேண்டியதாப் போச்சு."

ரய்சாவுக்கு அந்தச் சொற்கள் ஏறவேயில்லை. எதை எடுத்தார்கள் என்று கேட்டாள். டாக்டர் இன்னொரு முறை சொன்னார்.

மறுநாள் கண் விழித்த லியூபா, இடக்கையால் நாத்தனாரின் விரல்களைத் தேடிப் பிடித்தாள். "கை போனாப் போகுது. நீ இல்லேன்னா நான் போயிருப்பேன்டி."

தலையாட்டினால் போதும். ரய்சாவால் முடியவில்லை. அழுதுகொண்டே டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

லியூபா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் தளர்த்தச் சொன்னப்போ மணி என்ன?"

"பதினொண்ணு."

"அப்போ என் கைக்கு உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி."